ஏழாம் நம்பர், என்ஜி

இரவு ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது உலகம் கொஞ்சம் தள்ளி நிற்கும். ஒரகடம் சாலையில் புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு போகும் டிரெய்லர்கள் சத்தமே இல்லாமல் போவதாகத் தோன்றும். சத்தம் இருக்கும், காதுக்கு வந்து சேராது. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் தலையைச் சாய்த்தால் வெயில் மூடிய இமைக்கு உள்ளே வந்து ஆரஞ்சு நிறமாக உட்காரும். எனக்கு அந்த நேரம் பிடிக்கும். யாரும் எதையும் கேட்க மாட்டார்கள், நானும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு காலையில்தான் நான் என் தங்கையைப் பலர் முன்னால் அவமானப்படுத்தினேன். தூக்கத்தின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ள நிறைய நாள் முயன்றும் பார்த்தேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கார் கதவுக்குள் போகும் கையகலப் பிளாஸ்டிக் மூடிகளை விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறலோ குமிழோ இருந்தால் பிரித்தெடுக்க வேண்டும். தேறாததற்குப் பெயர் என்ஜி. ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து, நல்லதில்லை என்று அர்த்தம் என்று பயிற்சியில் சொன்னார்கள். எங்கள் லைனில் இந்த வேலையை வாயை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. ஒவ்வொரு பீஸையும் ஆள்காட்டி விரலால் சுட்டி, தேறினால் ‘ஓகே’ என்றும் தேறாவிட்டால் ‘என்ஜி’ என்றும் பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் கண் தூங்காதாம். கண் தூங்காது, உண்மைதான். மற்றதெல்லாம் தூங்கிவிடும். விரல் தானாக நீளும், வாய் தானாகச் சொல்லும், நான் எங்கேயோ மிதந்துகொண்டிருப்பேன்.

அந்தச் சொல் எங்களோடு ஹாஸ்டலுக்கும் வந்துவிட்டது. சாம்பாரில் உப்பு இல்லையென்றால் என்ஜி. பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை என்ஜி. ஒருத்தி கண்ணாடி முன்னால் நின்று தன் மூக்கையே சுட்டிக்காட்டி ‘என்ஜி’ என்று சொல்லிக்கொள்வாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

என் தங்கை என்னைவிட மூன்று வயது சின்னவள். அப்போது வாலாஜாபாத் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். நல்ல உயரம், நல்ல கறுப்பு. எனக்கு வரவேண்டிய உயரத்தையும் சேர்த்து நீயே சுருட்டிக்கொண்டாய் என்று கிண்டல் செய்வேன். வாலிபால் ஆடுவாள். அவள் சர்வீஸ் போடுவதைப் பார்க்க எனக்கு அலுக்கவே அலுக்காது. பந்தை மேலே எறிந்துவிட்டு, அதை மறந்துவிட்டவள் மாதிரி ஒரு கணம் சும்மா நிற்பாள். பந்து அந்த உயரத்திலேயே நின்றுவிட்டதோ என்று நமக்குத் தோன்றும். பிறகு எங்கிருந்தோ அவள் கை வரும்.

ஒரு நாள் போன் செய்தாள். “அக்கா, காலேஜுங்களுக்குள்ள டோர்னமென்ட் வெச்சிருக்காங்க. யூனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுக்கறவரு வராரு. எடுத்துட்டா கோச்சிங், ஹாஸ்டல் எல்லாம் அவங்களே பாத்துப்பாங்க. இல்லன்னா அப்பா இதுக்கு மேல விட மாட்டாரு. ஆடுனது போதும், டிகிரிய முடிச்சிட்டு அக்காகூட கம்பெனிக்குப் போன்னு சொல்லிகினு கீறாரு. எனக்கு இது ஒண்ணுதான்கா இருக்குது.”

“கிரவுண்டு எங்க?”

“உங்க ஹாஸ்டலுக்குப் பின்னாடிதான். ஏரிக்கரை ஓரம்.”

“வரேன் போ,” என்றேன்.

தங்கை வாலிபால் ஆடுகிறாள் என்று நான் லைனில் யாரிடமும் சொன்னதில்லை. அதற்கு இருந்த காரணம் அற்பமானது. எங்கள் லைன் லீடர் அக்கா சிங்கப்பெருமாள் கோவில்காரர். தங்கமான மனசு. புதிதாக வந்தவளுக்குக் கால் வீங்கினால் தன் ஸ்டூலைத் தள்ளிவிட்டுத் தான் நிற்பார். யாருக்காவது காய்ச்சல் என்றால் சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு லீவு வாங்கித் தருவார். வாய்க்கு மட்டும் பூட்டு கிடையாது. ஒருமுறை எங்கள் பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி வேன் வந்து நின்றது, அரை டிரவுசர் போட்ட விளையாட்டுப் பெண்கள் உள்ளே இருந்தார்கள். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாடி இது, பாதி துணிய வூட்லயே மறந்துட்டு வந்துட்டாளுங்க,” என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு, என் தங்கையும் அந்த மாதிரி வேனில்தான் போவாள் என்று எப்படிச் சொல்வது? அதோடு, என்னை கான்ட்ராக்டிலிருந்து நிரந்தரம் ஆக்குவதைப் பற்றி அக்காவிடம்தான் கேட்பார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயம் அது.

அந்தக் காலை பஸ் எங்களை ஹாஸ்டல் வாசலில் இறக்கியபோது மைக் சத்தம் கேட்டது. தனியாக நழுவிப் போய் ஆடுகளக் கோட்டுக்கு அருகில் நிற்பதுதான் என் திட்டம். சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்க வேண்டிய அக்கா, சத்தத்தைக் கேட்டு எங்களோடு இறங்கிவிட்டார். “வாங்கடி, கொஞ்ச நேரம் பாத்துட்டு போலாம். தூங்கி இன்னா கிழிக்கப் போறோம்,” என்று எங்கள் எட்டு பேரையும் ஓட்டிக்கொண்டு போனார். என் கையைப் பிடித்துத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார்.

ஏரி மேல் லேசாகப் பனி இருந்தது. செம்மண் தரையில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். பாதிக் கூட்டம் எங்களைப் போலவே ஷிப்ட் முடித்து வந்தவர்கள். சாம்பல், நீலம், இளம்பச்சை என்று நிறம் நிறமாக யூனிபார்ம்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தன. சுற்றுச்சுவர் மேல் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் வெள்ளைத் தொப்பியோடு ஒருவர் நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தார். ஆள் எடுக்க வந்தவர் அவர்தான் என்று புரிந்துகொண்டேன்.

என் தங்கை ஏழாம் நம்பர் பனியன் போட்டிருந்தாள். அவள் எங்கள் பக்கம் பார்த்தபோது நான் அக்காவின் தோளுக்குப் பின்னால் கொஞ்சம் சாய்ந்துகொண்டேன்.

முதல் செட்டில் அவள் எப்படி ஆடினாள் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. பந்து வெயிலுக்குள் போய் வெளியே வந்தது. அது மேலே இருக்கும்போது யாருமே மூச்சு விடாத மாதிரி இருந்தது. யூனிபார்ம் கோட்டின் பைக்குள் என் விரல் நீண்டு நீண்டு அடங்கியது. ஓகே. ஓகே. ஓகே. முதல் செட் என் தங்கையின் அணிக்கு. வெள்ளைத் தொப்பிக்காரர் ஏதோ எழுதினார். நான் சுகமாக அரைத் தூக்கத்தில் கிடந்தேன்.

இரண்டாவது செட்டில் அவள் போட்ட ஒரு சர்வீஸ் கோட்டைத் தாண்டிக் கையகலம் வெளியே விழுந்தது. உள்ளேயா வெளியேயா என்று எல்லோரும் கொடி பிடித்தவரைப் பார்த்ததால் மைதானம் ஒரு கணம் அமைதியானது. அந்த அமைதிக்குள் யாரோ தெளிவாக, சத்தமாக, ‘என்ஜி’ என்றார்கள். சொன்னது நான் என்று எனக்கே சற்றுப் பிறகுதான் தெரிந்தது. என் கை பைக்கு வெளியே வந்திருந்தது. விரல் நேராக என் தங்கையைச் சுட்டிக்கொண்டிருந்தது.

அக்கா தொடையில் தட்டிச் சிரித்தார். “கரெக்டா சொன்னடி.” எங்கள் வரிசை சிரித்தது, பின் வரிசை சிரித்தது, சுவர் மேல் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இந்த வட்டாரத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்கிற ஆள் கிடையாது, எல்லா யூனிபார்முக்கும் அது பொது. அடுத்த முறை அவள் கைக்குப் பந்து போனபோது நூறு விரல் நீண்டது. என்ஜி! பந்தை நன்றாகத்தான் எடுத்துக் கொடுத்தாள். அதற்கும் என்ஜி. ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முதல் சில விநாடிகள் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. நான் சொன்ன ஒரு சொல்லுக்கு அத்தனை பேர் சிரித்தது அதற்கு முன்பு நடந்ததில்லை.

பிறகு அது வேறு பக்கம் போனது. “தார் டின்னு, பந்து வருது பாரு,” என்று ஒரு குரல். “ஏணி வெச்சிதான் இவளுக்குத் தாலி கட்டணும்,” என்று இன்னொன்று. அக்காவும் எழுந்து நின்று வாயருகில் கையைக் குவித்து, “ரெண்டு கொக்கு சேந்து கால் குடுத்துகீது பாருங்கடி,” என்று கத்தினார். சுவர்ப் பக்கமிருந்து வந்ததை நான் எழுதப் போவதில்லை. படிக்கிற உங்களுக்கும் தெரியும், ஒரு பெண் டிரவுசர் போட்டு ஓடினால் நம் ஊர் வாயில் என்னென்ன வரும் என்று.

எதிரணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. எல்லா சர்வீஸையும் ஏழாம் நம்பர் மேலேயே போட்டார்கள். ஒரு பந்து அவள் தோளில் பட்டுச் சிதறியது. ஒன்று அவள் காலடியில் விழுந்தது, அவள் அதைப் பார்க்கவே இல்லை. தலையைத் திருப்பித் திருப்பி எங்கள் பக்கக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். ‘அக்கா, வேணாம்’ என்று சொல்ல இரண்டு சொல் போதும். ‘என் தங்கச்சி’ என்பதும் இரண்டு சொல்தான். தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி எல்லாம் மெதுவாக அசைந்துகொண்டிருந்தது, நான் வாயைத் திறக்கவில்லை.

கோச் அவளை வெளியே கூப்பிட்டார். பெஞ்சில் உட்கார்ந்து துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டாள். வெள்ளைத் தொப்பிக்காரர் நோட்டில் பக்கத்தைத் திருப்பினார்.

“பாவம்டி,” என்றார் அக்கா, தள்ளுவண்டியில் எங்கள் எல்லோருக்கும் இட்லி வாங்கித் தந்துகொண்டே. “மொதல்ல நல்லாதான் ஆடிகினு இருந்துச்சு. திடீர்னு இன்னா ஆச்சோ.” உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். நான் நான்கு இட்லி சாப்பிட்டேன். பெஞ்சுக்குப் போகவில்லை. அறைக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்தேன், தூக்கமும் வந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

சாயங்காலம் அவளே போன் செய்தாள். “எடுக்கலக்கா,” என்றாள்.

“பரவால்ல விடு.”

“நீ வந்தியா?”

“இல்லடி. ஷிப்ட் லேட்டாயிடுச்சு. வர முடியல.”

“சரிக்கா,” என்று வைத்துவிட்டாள்.

அதன்பிறகு அவள் ஆடவில்லை. அப்பா சொன்னபடியே டிகிரியை முடித்தாள். நான் நிரந்தரம் ஆனேன். பொங்கலுக்கும் ஆடிக்கும் வீட்டுக்குப் போனால் அவளோடு சினிமா பேசுவேன், துணி எடுக்கப் போவேன். அந்த மைதானத்தைப் பற்றி மட்டும் இருவரும் பேசியதில்லை. முதல் ‘என்ஜி’யைச் சொன்னது நான் என்பது அவளுக்குத் தெரியுமா என்ற கேள்வி மட்டும் ஷிப்ட் முடிந்த காலைகளில் என்னோடு பஸ்ஸில் ஏறிவிடும்.

சென்ற வருடம் அவள் எங்கள் கம்பெனிக்கே டிரெய்னியாக வந்தாள், அதுவும் எங்கள் லைனுக்கு. முதல் நாள் லைன் லீடர் அக்காவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அக்கா அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். “இவ உன் தங்கச்சியா? இன்னாடி இம்மாம் ஒசரம். எதனா விளையாடுவியா கண்ணு?”

அந்தக் குரலைக் கேட்டதும் என் தங்கையின் முகம் மாறியதைப் பார்த்தேன். அக்காவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “இல்லக்கா. எனக்கு விளையாட்டுலாம் தெரியாது,” என்றாள்.

எனக்காகச் சொல்கிறாள் என்று புரிந்தது. “தெரியும்க்கா,” என்றேன். “நீங்க பாத்திருக்கீங்க. ஏரிக்கரை கிரவுண்டுல ஏழாம் நம்பர் ஆடுச்சே, அது இவதான். என் தங்கச்சி.”

அக்காவுக்கு நினைவு வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வந்ததும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “அடிப்பாவி, அன்னிக்கு என் பக்கத்துலதானடி குந்திகினு இருந்த,” என்று மெதுவாகச் சொன்னார். என் தங்கை கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டு நின்றாள்.

அது பகல் ஷிப்ட் வாரம். மதியம் கேன்டீனில் நாங்கள் இருவர் மட்டும் ஒரு மேசையில் உட்கார்ந்தோம். “மொதல்ல என்ஜின்னு சொன்னது நான்தான்,” என்றேன். “தூக்கத்துல வாய் தானா சொல்லிடுச்சு. வேணும்னு சொல்லல.”

“தெரியும். உன் குரல் எனக்குத் தெரியாதா?” தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினாள். “பந்து வெளிய போச்சு. வெளிய போனா என்ஜிதான். அதுக்கு நான் கோச்சுக்கல.”

“அப்புறம்?”

“அப்புறம் எல்லாரும் வாய்க்கு வந்தபடி பேசுனாங்க இல்ல. எங்க அக்கா இப்ப எழுந்து இவ என் தங்கச்சின்னு சொல்லுவா, இப்ப சொல்லுவான்னு உன்னையே பாத்துகினு இருந்தேன்,” என்றாள். “அதான்க்கா பந்து வந்ததே தெரியல.”