புளிமூட்டுக்கு முந்தின ஸ்டாப்

கண்டக்டர் வேலையில் என் மேல் வந்த முதல் புகார், நான் தப்பான பெயரைக் கத்துகிறேன் என்பது. இப்போது சர்வீஸுக்கு வருகிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அன்றைக்கு எனக்கு அப்படி இருக்கவில்லை.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமான புதிதில் நான் திருவனந்தபுரத்தில் டெம்பரரி கண்டக்டர். கரமனையில் கிளம்பி, கிழக்கேகோட்டை தொட்டு, மெயின் ரோடு வழியாகப் பாளையம் போய்த் திரும்பும் வண்டி. சுசீந்திரத்தில் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். "பெர்மனெண்ட் ஆகட்டும், தேதி குறிப்போம்" என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். ஆகவே என் கல்யாணம் டிராபிக் சூப்ரண்டின் பேனாவில் இருந்தது.

அந்த மெயின் ரோட்டைப் பஸ் படியில் நின்று பார்க்க வேண்டும். திருநெல்வேலிப் பிள்ளைமாரின் ஜவுளிக்கடை, அதை ஒட்டி ராவுத்தரின் சர்பத் கடை, எதிரே கேக் அடுக்கிய பேக்கரி, தைல வாசனையோடு ஒரு வைத்தியசாலை, நடுநடுவே சினிமாக் கொட்டகைகள். கண்ணை மூடிக்கொண்டு மூக்காலேயே ஸ்டாப் சொல்லிவிடலாம். போர்டு ஒன்றும் கிடையாது. கண்டக்டர் வாய்தான் போர்டு.

புளிமூட்டுக்கு முந்தின ஸ்டாப்பில் ஒரு பக்கம் அய்யர் ஹோட்டல், மறுபக்கம் ஒரு டாக்கீஸ். நான் "அய்யர் ஹோட்டல்" என்று கத்துவேன். அய்யர் இதற்காக எனக்கு ஒரு வடை கூடத் தந்ததில்லை. எனக்கு முன்னால் இருந்த கண்டக்டர் அப்படிக் கத்தினார், நானும் கத்தினேன்.

டாக்கீஸ் மானேஜர் மதுரைக்காரர். ஒருநாள் நேரே எங்கள் ஆபீஸுக்குப் போய்விட்டார். என்னையும் கூப்பிட்டார்கள். செய்தி கேட்டு அய்யரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். சூப்ரண்டு நாகர்கோவிலிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். நெற்றி நிறைய விபூதி, வயிறு நிறைய சந்தேகம்.

"சார், இவர் ஹோட்டல்னு கத்துறாரு. என் ஜனம் கொட்டகை இன்னும் வரலைன்னு உக்காந்தே இருக்கு. அடுத்த ஸ்டாப்புல எறங்கி, அங்க இருக்கிற கொட்டகைல நுழைஞ்சிருது" என்றார் மானேஜர்.

"படம் நன்னாருந்தா நடந்தே வருவா, கேட்டேளா" என்றார் அய்யர்.

"ஒம்ம சாம்பார் நல்லாருந்தா நீரு ஏன்யா கண்டக்டர நம்பிப் பொழைக்கிறீரு?"

சூப்ரண்டு என்னைப் பார்த்தார். "என்னடே, அய்யர்கிட்ட ஓசிச் சாப்பாடா?"

"இல்ல சார்."

"நான் வந்து பாக்கேன். ஓசி உண்டுன்னு தெரிஞ்சுது, ஊருக்கு வண்டி ஏறிர வேண்டியதுதான்."

மறுநாள் அவர் மப்டியில் என் வண்டியில் ஏறினார். விசாரணை என்று பெயர். அன்றைக்கு அந்த ரோட்டில் அவரைப்போல் அனுபவித்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். காலையில் அய்யர் ஹோட்டலில் இறங்கினார். நான் பாளையம் போய்த் திரும்பி வந்தபோது உதட்டில் நெய் மினுங்க ஏறி, "ரவா தோசை மோசமில்லடே" என்றார். அடுத்த நடையில் ஜவுளிக்கடையில் விசாரணை. கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தார். அதற்கடுத்து ராவுத்தரின் சர்பத். மத்தியானம் மானேஜர் அவரை டாக்கீஸில் பால்கனியில் உட்காரவைத்தார். மாட்டினி முடிந்து வெளியே வந்தவருக்குக் கன்னத்தில் நாற்காலித் தடம் இருந்தது.

"படம் எப்படி சார்?" என்று கேட்டேன்.

"கொட்டகை நல்ல குளிர்ச்சி" என்றார்.

டிரைவர் குட்டன்பிள்ளை எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "தம்பி, நீ ஒண்ணும் மிண்டண்டா, பேசாம இரு. வயிறு நெறஞ்சவன் ஆரையும் டிஸ்மிஸ் செய்ய மாட்டான்" என்றார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. சுசீந்திரத்தில் வேறு மாப்பிள்ளை பார்ப்பார்கள் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

சாயங்காலம் கிழக்கேகோட்டையில் வண்டி நிறைந்துவிட்டது. தீர்ப்பைக் கேட்க மானேஜரும் ஏறினார். சாலைக் கடைத்தெருவில் காய்கறி வாங்கி முடித்த அய்யரும் பூசணிக்காயோடு ஏறினார். சூப்ரண்டு என் காதருகே குனிந்தார்.

"அந்த ஸ்டாப்புக்கு நீ வாயத் தொறக்காத. ஜனம் என்ன சொல்லுகுன்னு பாப்போம்."

வண்டி ஓவர்பிரிட்ஜைத் தாண்டியது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். முன் சீட்டில் கரமனை அக்ரஹாரத்துச் சாஸ்திரிகள் ஒருவர் பஞ்சகச்சத்தோடு எழுந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கணீரென்ற குரலில் சொன்னார்:

"கண்டக்டர், கள்ளுக்கடை வந்துடுத்து. நிறுத்தச் சொல்லும்."

பின்னால் இரண்டு காலேஜ் பெண்கள், "கள்ளுக்கடை எறங்கணும்" என்றார்கள். ஒரு வக்கீல் குமாஸ்தா, "கள்ளுக்கடைக்கு ஆள் உண்டே" என்றார். அங்கே கள்ளுக்கடையே கிடையாது. பிறகு விசாரித்ததில், எப்போதோ ஒன்று இருந்து மூடிவிட்டார்கள் என்றும், அந்த இடத்தில் இப்போது குடை ரிப்பேர் நடக்கிறது என்றும் தெரிந்தது. டிக்கெட்டுக்கு எல்லாரும் சில்லறையை எண்ணி நீட்டுவதோடு சரி; இத்தனை மாதமும் ஸ்டாப் பெயரை நான் முந்திக்கொண்டு கத்தியதால், அவர்கள் யாரும் வாய் திறக்க வேண்டிவரவில்லை.

மானேஜர் வாயைப் பிளந்து நின்றார். அப்போதுதான் கூட்டத்துக்குள்ளிருந்து அய்யரின் குரல் வந்தது.

"நகருங்கோ, நகருங்கோ, கள்ளுக்கடை போயிடப்போறது."

பூசணிக்காயோடு அவர் அப்படியே நின்றுவிட்டார். முதலில் சிரித்தது குட்டன்பிள்ளை. அவர் ஸ்டியரிங்கில் சாய்ந்து சிரித்ததில் ஹாரன் விடாமல் அடித்தது. மானேஜர் சிரிக்க, அய்யரும் வேறு வழியில்லாமல் சிரித்துக்கொண்டே இறங்கினார். இருவரும் சேர்ந்து ரோட்டைக் கடந்ததைப் பார்த்தேன், ஹோட்டலுக்குள்தான் போனார்கள்.

சூப்ரண்டு மட்டும் சிரிக்கவில்லை. "சர்க்கார் போர்டுல கள்ளுக்கடைன்னு எழுத முடியுமாடே?" என்று கவலையோடு கேட்டார்.

ஓசிச் சாப்பாட்டைப் பற்றிப் பிறகு பேச்சே எழவில்லை. சாப்பிட்டது யார் என்று எனக்கும் சூப்ரண்டுக்கும் தெரியும். பெர்மனெண்ட் ஆர்டர் வந்தது, கல்யாணமும் நடந்தது. ஸ்டாப்புக்கு ஆபீஸிலேயே யோசித்து ஒரு பெயர் வைத்து, போர்டும் அடித்தார்கள்: 'மெயின் ரோடு மத்தி'.

போர்டு மாட்டிய அன்று நான் அதைப் பெருமையாகவே கத்தினேன். கரமனையில் ஏறிய மாமி ஒருத்தி முகத்தைச் சுளித்தாள்.

"மத்தியா? ராமா ராமா. மத்தி மீன் விக்கற எடத்துல நான் எதுக்குடா எறங்கணும்? கள்ளுக்கடை வந்தாச் சொல்லு."

"இதுதான் மாமி" என்று கைகாட்டினேன்.

எனக்குக் கீழே டிரெயினிங் வந்த ஒவ்வொருவரிடமும் ஒன்று சொல்லியிருக்கிறேன். ஸ்டாப் வரும்போது உடனே கத்தாதே. கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு நில். வண்டிக்குள்ளிருந்தே பெயர் வரும்.