படத்தில் இல்லாத புள்ளிகள்

விருத்தாசலத்தில் ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் நான் வேலை பார்த்த காலத்தில், அறிவியல் இதழ்களுக்குக் குறுங்கட்டுரை தயாரிப்பதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. முழுக்கட்டுரை எழுதும் அளவுக்கு எங்களிடம் கருவிகள் இல்லை. ஒரு நுண்ணோக்கி, கிருமி கொல்லும் ஒரு ஆட்டோகிளேவ், கரண்ட் போனால் சூடு இறங்கிவிடும் ஒரு இன்குபேட்டர், அவ்வளவுதான். இதழ்களின் பின்பக்கங்களில் குறுங்கட்டுரைகளுக்குக் கொஞ்சம் இடம் ஒதுக்குவார்கள். சொற்களுக்கு வரம்பு உண்டு. ஒரு அட்டவணை, ஒரு படம், அதற்கு மேல் கூடாது. தட்டச்சில் மூன்று பிரதி, பளபளப்பான தாளில் படம் மூன்று பிரதி, பதிவுத் தபால். ஒரு வருட வேலையை அந்தச் சின்ன இடத்துக்குள் எப்படி அடக்குவது என்று எனக்குத் தெரியும். அந்தத் திறமையைக் கொண்டுதான் என் மாணவி ஒருத்திக்குத் தீங்கு செய்தேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். அவள் என்னிடம் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்திருந்தாள். கம்மாபுரம் பக்கத்துக் கிராமம், அப்பா விவசாயி. பஸ்ஸில் வந்து போவாள். ஆய்வுக்கு என்ன எடுக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவளே ஒன்றைக் கொண்டுவந்தாள். பீங்கான் பொம்மை செய்யும் பட்டறைகளில் களிமண்ணைக் குழைத்து ஈரச்சாக்குப் போட்டு மூடி வாரக்கணக்கில் வைத்திருப்பார்கள். அது புளித்து நாறும். அங்கே வேலை செய்யும் பெண்கள் விரலில் வெட்டுப் பட்டால் அந்த நாறும் மண்ணைக் கொஞ்சம் அப்பிக்கொள்வதை அவள் பார்த்திருக்கிறாள்.

"சீழ் புடிக்காதாம் சார். நாலஞ்சி பட்டறைல கேட்டுட்டேன். எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

"சொல்றதெல்லாம் ரிசல்ட் ஆயிடாதும்மா."

"அதுக்குத்தான் ஒரு டப்பா மண்ணு எடுத்தாந்துட்டேன்."

அந்த மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுக்க அவளுக்கு எட்டு மாதம் ஆயிற்று. சீழ் பிடிக்க வைக்கும் கிருமியை அகார் கூழ் உறைந்த தட்டு முழுக்கப் பரப்பி, நடுவில் குழி போட்டு, எங்கள் பாக்டீரியா வளர்ந்த திரவத்தை ஊற்றினாள். மறுநாள் குழியைச் சுற்றி ஒரு தெளிவான வளையம். அந்த இடத்தில் கிருமி வளரவில்லை. அதைப் பார்த்தபோது நாங்கள் இருவரும் குழந்தைகள் போலச் சிரித்தோம்.

ஆனால் வளையத்துக்குள் சில புள்ளிகள் இருந்தன. ரவை சிந்தினாற்போல, பத்துப் பன்னிரண்டு. எங்கள் திரவத்துக்குச் சாகாத கிருமிகள் அவை. எத்தனை முறை செய்தாலும் வந்தன. கட்டுரையின் முதல் வரைவில் அவள் அதை ஒரு வாக்கியமாக எழுதியிருந்தாள்: வளையத்துக்குள் எதிர்ப்புத் திறன் கொண்ட சிறு கூட்டங்கள் தொடர்ந்து காணப்பட்டன. நல்ல வாக்கியம். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

படம் எடுக்கக் கடைத்தெருவில் இருந்த ஒரு ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டோம். கல்யாணங்களுக்குப் போட்டோ எடுப்பவர். கம்ப்யூட்டர் வாங்கி, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கட்டுரைகளைத் தட்டச்சு செய்வதும் அவர்தான். கேமராவோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்து, கறுப்புத் துணிமேல் வைத்த தட்டை எட்டி நின்று பார்த்தார்.

"சார், இது ஒட்டிக்குற வியாதியா?"

"தொடாம எடுங்க, போதும்."

"அண்ணா, மூச்சு வுட்டுக்கலாம், தப்பில்ல" என்று அவள் சிரித்தாள்.

மூன்று நாள் கழித்துப் பிரிண்ட் வாங்கப் போனேன். உறையைப் பிரித்துப் பார்த்ததும் திடுக்கிட்டேன். வளையம் கண்ணாடி போல இருந்தது. ஒரு புள்ளி இல்லை.

"இதுக்குள்ள சின்னச் சின்னப் புள்ளியா இருந்திச்சே?"

"அதெல்லாம் கிளீன் பண்ணிட்டேன் சார்" என்றார், மகிழ்ச்சியோடு. "கல்யாணப் பொண்ணு மூஞ்சில பரு இருந்தா அப்பிடியேவா ஆல்பத்துல போடுவோம்? கம்ப்யூட்டர்ல ஒக்காந்து ஒவ்வொண்ணா எடுத்தேன். உங்களுக்குன்றதால செஞ்சேன்."

நான் பிரிண்டை மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவர் முகம் மாறியது.

"ஏன் சார், இருக்கணுமா அது? நாளைக்கு வாங்க, பழையபடியே போட்டுத் தரேன்."

நாளைக்கு. ஒரே ஒரு நாள்தான். இதழுக்குக் கெடு எதுவும் இல்லை. அடுத்த நாள் அனுப்பியிருந்தாலும் அதே பரிசீலனைக்குத்தான் போயிருக்கும். ஆனால் நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இருபத்தைந்து வருடத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து அவ்வளவு அழகான படம் வெளியே போனதில்லை. "பரவால்ல, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவள் பிரிண்டைக் கையில் வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "சார், உள்ள இருந்த புள்ளிங்க எங்க?"

"போட்டோல வுழல. சின்னது இல்லியா."

"அப்ப அந்த வாக்கியம்?"

"படத்துல இல்லாதத எழுதினா பரிசீலிக்கற ரெஃப்ரீங்க கேள்வி கேப்பாங்க. வார்த்தையும் எட்டு அதிகமா இருக்குது. எடுத்துடலாம்."

சிவப்புப் பேனாவால் அதை நானே நீக்கினேன். அவள் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். பிறகு "சரிங்க சார்" என்றாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். புள்ளிகளை ஒருவர் அழித்தார் என்பதோ, அது எனக்குத் தெரியும் என்பதோ அவளுக்குத் தெரியாது. ஸ்டுடியோக்காரர் அறியாமல் செய்தார். நான் அறிந்து, படத்துக்கு ஏற்றபடி எழுத்தையும் திருத்தினேன்.

கட்டுரை ஏற்கப்பட்டது. அவள் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. துறையில் லட்டு கொடுத்தாள். ஆய்வேட்டை முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டு, வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருந்தாள்.

அப்போது வேறொரு மாநிலத்து ஆய்வுக்கூடத்திலிருந்து எங்கள் பாக்டீரியாவைக் கேட்டு எழுதினார்கள். அனுப்பினோம். சில மாதங்கள் கழித்து இதழின் ஆசிரியரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். அந்த ஆய்வுக்கூடத்தார் எங்கள் சோதனையைப் பலமுறை செய்து பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வளையத்துக்குள் புள்ளிகள். அவர்கள் எடுத்த படம் ஒன்றும் உள்ளே இருந்தது. உங்கள் படத்தில் ஒன்றுகூட இல்லையே, எப்படி என்று விளக்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்தேன். மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். எங்கள் தட்டேதான் போல இருந்தது. நாங்கள் முதல்நாள் பார்த்த அதே ரவைப் புள்ளிகள்.

உண்மையை எழுத நான்கு வரி போதும். அந்த வருடம் துறைத் தலைவர் பதவி எனக்கு வரவிருந்தது. இதைக் காரணமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நான் எழுதியது இதுதான்: படத்தைத் தயாரிக்கும் பொறுப்பு ஆய்வு மாணவியுடையது, இறுதிப் பிரதியை மட்டுமே நான் பார்த்தேன், இப்படி நடந்திருப்பது எனக்கும் அதிர்ச்சி அளிக்கிறது. கையெழுத்துப் போட்டேன். அவளிடம் காட்டவில்லை.

ஆசிரியர் விசாரித்து ஏதாவது கேட்பார், பிறகு மறந்துவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த இதழில் அறிவிப்பு வந்தது. கட்டுரையாளர்களில் முதலாமவர் படத்தை மாற்றியதாக அவருடைய நெறியாளர் தெரிவித்திருப்பதால் கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது. அவள் பெயர் அச்சில் இருந்தது. பல்கலைக்கழகத்துக்கும் நகல் போயிருந்தது. ஆய்வேட்டை நிறுத்திவைத்தார்கள்.

ஒரு வாரம் கழித்து அவள் தன் அப்பாவோடு கல்லூரிக்கு வந்தாள். அவரை அதுவரை நான் பார்த்ததில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், இது என்னமோ போட்டோவ மாத்திப்புடுச்சாம். யுனிவர்சிட்டிலேருந்து கடுதாசி வந்திருக்குது. என்னாடின்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது. சாரக் கேளுன்னுது."

சாரைக் கேள். அவள் அவரை ஏன் கூட்டிவந்திருக்கிறாள் என்று அப்போது புரிந்தது. தானே சொல்லியிருக்கலாம். அந்தச் சிவப்புக் கோட்டைக் காட்டியிருக்கலாம். சொல்ல வேண்டியவனிடம் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள்.

"நாங்க காட்டு வேல செய்றவங்க. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் அவர். "இது அப்பிடிப்பட்ட காரியம் பண்ற புள்ளயா சார்? நீங்க சொல்லுங்க. நீங்க எது சொன்னாலும் நான் கேட்டுக்கறேன்."

நான் வாயைத் திறந்தேன். வந்தது இது:

"வுடுங்க, பெரியவரே. சின்னப் பொண்ணு. அவசரத்துல தெரியாம பண்ணிடுச்சு. நான் பேசிச் சரி பண்ணிடறேன்."

என் குரல் எவ்வளவு இயல்பாக இருந்தது என்பதுதான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது. அவள் என்னைப் பார்த்தாள். நான்கு வருடம் தினமும் பார்த்த முகம். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்த முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

அவள் அப்பா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "சாருக்கு எம்மாம் பெரிய மனசு பாத்தியா? வேற ஆளா இருந்தா போலீசுக்குப் போயிருப்பாரு. மன்னிப்புக் கேளு."

"வாப்பா, பஸ்ஸு போயிடும்" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. ஆய்வைத் தொடரவில்லை. நான் பேசிச் சரி செய்யவும் இல்லை. துறைத் தலைவராக ஓய்வு பெற்றேன்.

ஓய்வுக்குப் பிறகு காலையில் எழுந்தால் போக இடமில்லை. அந்தக் கும்பிட்ட கைகள்தான் கண்ணுக்குள் வரும். ஒரு நாள் உட்கார்ந்து இதழுக்கு முழுவதையும் எழுதினேன். ஆசிரியர் மாறியிருந்தார். இரண்டு முறை நினைவூட்ட வேண்டியிருந்தது. கடைசியில் திருத்தம் என்ற தலைப்பில் ஐந்து வரி போட்டார்கள். பல்கலைக்கழகத்துக்கும் நகல் அனுப்பினேன். இன்னொரு நகலை எடுத்துக்கொண்டு பெண்ணாடம் போனேன். அவள் அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்வதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"உக்காருங்க சார். சுகரு பாக்கணுமா? சாப்ட்டீங்களா, வெறும் வயிறா?"

"பரிசோதனைக்கு வரலம்மா" என்று நகலை நீட்டினேன்.

நின்றபடியே படித்தாள். ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டைச் சரிபார்ப்பது போல, விரலை வைத்து, வரி வரியாக.

"புள்ளிய அழிச்சாங்கன்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தாள்.

"இத யாரு சார் படிப்பாங்க?"

"யுனிவர்சிட்டிக்கும் அனுப்பியிருக்கேன். வேணும்னா மறுபடியும்..."

"அத வுடுங்க. எங்கப்பாகிட்ட சொன்னீங்களா?"

மடித்த காகிதத்தை நான் இன்னொரு மடிப்பு மடித்தேன்.

"அவரு இன்னமும் என்கிட்ட மொகம் குடுத்துப் பேசறதில்ல. அப்பேர்ப்பட்ட மனுசனுக்குத் துரோகம் பண்ணிட்டியேன்றாரு. அப்பேர்ப்பட்ட மனுசன் நீங்கதான்."

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டாள். மடித்த காகிதத்தோடு நான் நின்றேன். இதழுக்கு எழுதினேன், பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன், ஒரு தடவைகூட அந்த மனிதரின் நினைவு இந்தக் கணக்கில் எனக்கு வரவில்லை. கும்பிட்ட கைகள் மட்டும் வந்தன. அந்தக் கைகளுக்குரியவரிடம் போக வேண்டும் என்று தோன்றவே இல்லை. படித்தவர்கள் பார்வையில் திருத்திவிட்டால் திருந்திவிடும் என்று நம்பியிருக்கிறேன்.

மறுநாள் தேடிக்கொண்டு போனேன். அவர்களுடைய நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. நிலம் இழந்தவர்களுக்காகப் புதிதாகப் போட்ட தெருக்களில் ஒன்றில் குடியிருந்தார்கள். எல்லா வீடும் ஒரே மாதிரி இருந்ததால் இரண்டு வீட்டில் கேட்டுத்தான் கண்டுபிடித்தேன். அவர் பனியனோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துக் கும்பிடப் போனார்.

"கும்புடாதீங்க" என்றேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டுடியோ, படம், நீக்கிய வாக்கியம், நான் எழுதிய கடிதம், அன்றைக்கு அவரிடம் சொன்ன பொய். அவருக்குப் புரியும்படி சொல்ல முயன்றேன். முடிந்த பிறகு ஒரே கேள்விதான் கேட்டார்.

"அப்ப அது ஒண்ணுமே பண்ணலியா?"

"ஒண்ணும் பண்ணல. நான்தான் பண்ணேன்."

அவர் என்னை அடித்திருக்கலாம். அதற்குத் தயாராகத்தான் நின்றேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு பஸ்ஸ வுட்டு எறங்கினதும் ரோட்டுல வெச்சே அத அடிச்சேன் சார். ஊரு பாக்க அடிச்சேன். இருவத்தாறு வயசுப் புள்ளய. அதுக்கு மின்ன ஒரு நாளும் அது மேல கை வெச்சதில்ல. அது அழுவக்கூட இல்ல. 'சாரக் கேளு, சாரக் கேளு'ன்னே சொல்லிச்சு. கேட்டுட்டுத்தானடி வரேன்னு இன்னும் ரெண்டு போட்டேன்."

அவர் உள்ளே போனார். தண்ணீர் கொண்டுவரப் போகிறார் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பித்தான்களை மாற்றிப் போட்டிருந்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"பெண்ணாடம்" என்றார். டி.வி.எஸ் வண்டியை நான்கைந்து முறை உதைத்துக் கிளப்பி, என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனார். கதவைச் சாத்தக்கூட இல்லை.