மலை சார்ந்த இடத்தில் ஒரு கிணறு

எங்கள் நகரசபை நிறைவேற்றி அனுப்பும் தீர்மானங்களை யாரும் வாசிப்பதில்லை. அந்த நம்பிக்கையில்தான் நான் அந்தக் கதிரையில் அத்தனை வருடம் இருந்தேன். தெருவிளக்குக்கு ஒரு தீர்மானம், வடிகானுக்கு ஒன்று, வீதியில் படுத்துக் கிடக்கும் மாடுகளுக்கு ஒன்று. உறுப்பினர்கள் வாயால் சொல்வதைச் சபைக்கு ஏற்ற தமிழில் எழுதுவது என் வேலை. அதைச் சிங்களத்தில் பெயர்ப்பது அடுத்த மேசைக்காரியின் வேலை. கொழும்பிலிருந்து பதில் வந்தால் “தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது” என்று ஒரு வரி வரும். பெரும்பாலும் அதுவும் வராது.

வாசிக்க ஆள் இல்லாத இடத்தில் எழுதுகிறவருக்கு ஒரு துணிவு வரும். எனக்கும் வந்தது. வடிகான் தீர்மானத்தில்கூட அடுக்குமொழி போடுவேன். அடுத்த மேசைக்காரி தலையில் கை வைப்பாள். “அக்கா, சாக்கடைக்கு என்னத்துக்கு இவ்வளவு அலங்காரம்? இதை நான் சிங்களத்தில என்னண்டு எழுதுறது?” என்பாள். எழுதத் தெரியாவிட்டால் வேறு வேலை பார் என்று நான் சீறுவேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் என்பது அலுவலகம் முழுக்கத் தெரிந்த கதை.

மலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டி வீதியால் கப்பல்துறையைத் தாண்டிப் போனால் கூனல் விழுந்த ஒரு மலை தெரியும். பெரிய மலை என்று மலைநாட்டுக்காரர் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எங்களுக்கு அதுதான் மலை. நகரத்துக்குச் சொந்தமும் இல்லை. மத்திய அரசின் ஒதுக்குக்காடு, ஒரு கொப்பு முறிக்கவும் அனுமதி எடுக்க வேண்டும். அந்த மலையின் ஒரு பக்கத்தைக் காட்டுப் பட்டியலிலிருந்து நீக்கிக் கல்லுடைக்கக் கொடுக்கப் போகிறார்கள் என்று ஒரு கதை வந்தது. யார் சொன்னது, எந்தக் கடிதத்தில் இருக்கிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் மாதக் கூட்டத்தில் எல்லோரும் அதையே கதைத்தார்கள்.

நான் அந்தச் சபையில் எத்தனையோ கூட்டம் பார்த்தவள். அனுதாபத் தீர்மானத்தைத் தவிர வேறு எதற்கும் எல்லோரும் சேர்ந்து கை உயர்த்தி நான் கண்டதில்லை. அன்றைக்குத் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று எல்லா உறுப்பினரும் மலை இருக்க வேண்டும் என்றார்கள். ஒருவர் மழை குறையும் என்றார். ஒருவர் நகரத்துக்குள் புழுதி வரும் என்றார். மீன் வியாபாரம் செய்யும் ஹாஜியார் ஒருவர் எழுந்து, “இறக்கக்கண்டிப் பக்கம் கடலுக்குப் போறவங்க கரை தெரியாத தூரத்தில அந்தக் கூனலப் பாத்துத்தான் திரும்பி வாறாங்க. அதை உடைச்சா அவங்க எதைப் பாக்கிறது?” என்று கேட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. சபையை நடத்தும் தவிசாளர் என் பக்கம் திரும்பி, “தங்கச்சி, இதை நல்லா எழுதுங்கோ” என்றார். நல்லா எழுதுங்கோ என்று அதற்கு முன் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இனி அக்காவின் கதை. என் சொந்த அக்கா. அந்த மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறார். அத்தான் கண்ணை மூடிப் பல வருடம். ஒன்றரை ஏக்கர் காணி, அதில் கஜு என்னும் முந்திரி மரங்கள், தேசி என்னும் எலுமிச்சை பத்துப் பன்னிரண்டு, ஒரு கிணறு. கஜுவையும் தேசிக்காயையும் கண்டி வீதியோரத்தில் வைத்து விற்றுத்தான் அவர் சீவியம். சண்டைக் காலத்தில் ஊரோடு இடம்பெயர்ந்தபோது அரசாங்கம் கொடுத்த காணிப் பெர்மிட் தொலைந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் வன அலுவலகத்தின் எல்லைக்கல் நிற்கிறது. வீடு கல்லுக்கு இந்தப் பக்கம். கிணறும் மரங்களும் அந்தப் பக்கம், காட்டுக்குள்.

அக்கா என்னைப் போலக் கத்துகிற ஆள் இல்லை. அந்தக் கல்லின் மேல் தோய்த்த உடுப்பைக் காயப் போட்டார். கல்லைத் தாண்டிப் போய்த் தண்ணீர் அள்ளினார். “கல்லுக்குக் கால் இல்லைத்தானே, அது பாட்டுக்கு நிக்கட்டும்” என்பார். காணியை விடுவித்துத் தரும்படி மனு எழுதியதெல்லாம் நான்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு வருடமும் எழுதினேன். மூன்றாவதற்குப் பதில் வந்தது. நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வதாக.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், ஒரு கையால் அந்த மனுவை எழுதியவள் மறு கையால் எப்படித் தீர்மானத்தை எழுதினாள் என்று. நானும் என்னிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டும் ஒரே இடம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டு மேசையில் எழுதும்போது அது அக்காவின் காணி. அலுவலக மேசையில் எழுதும்போது அது மலை.

தீர்மானத்தை எழுதி முடித்து வாசித்தேன். “மேற்படி மலை தொடர்ந்தும் பாதுகாக்கப்பட வேண்டும்” என்று இருந்தது. மொட்டையாகப் பட்டது. சின்ன வயதில் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து கத்திப் பாடமாக்கிய வரி தானாகக் கைக்கு வந்தது. குறிஞ்சி என்றால் என்ன? மலையும் மலை சார்ந்த இடமும். தமிழ்ப் பாடம் படித்த எவருக்கும் மலை என்று தொடங்கினால் மீதி வராமல் இருக்காது. “மலையும் மலை சார்ந்த இடமும் தொடர்ந்தும் பாதுகாக்கப்பட வேண்டும்” என்று திருத்தினேன். அப்போதுதான் வரி நிமிர்ந்து நின்றது.

அடுத்த மாதக் கூட்டத்தில் அதை வாசித்தபோது ஹாஜியார் உரக்க, “குறிஞ்சி!” என்றார். சபையே சிரித்தது. எல்லோரும் கை உயர்த்தினார்கள். தேத்தண்ணியும் ரோல்ஸும் வந்தன. அடுத்த மேசைக்காரிகூட, “இதை மட்டும் நான் ஒரு சொல்லும் விடாமப் பெயர்ப்பன்” என்றாள். பெயர்த்தாள், பாவி. எனக்கு அன்று இருந்த பெருமையை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருக்கிறது.

சில மாதம் கழித்து வன அதிகாரி அக்காவின் காணியைப் பார்க்க வந்தார். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். சண்டை பிடிக்க ஆயத்தமாகத்தான் போனேன். வந்தவரோ நல்ல மனிதர், வயது போன சிங்களவர், நிதானமாகத் தமிழ் கதைத்தார். சப்பாத்தோடு முற்றத்துக்குள் வரக்கூடத் தயங்கினார். எல்லைக்கல்லில் காய்ந்த அக்காவின் சீலையைப் பார்த்துச் சிரித்தார். மரங்களின் வயதைப் பார்த்தார், கிணற்றின் கட்டைத் தொட்டுப் பார்த்தார். “இது பழைய கிணறு. ஆக்கள் இருந்த இடம்தான்” என்றார். அக்கா தேசிக்காய் கரைக்கக் குசினிக்குள் போனார். எனக்கு நெஞ்சுக்குள் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அப்போது அவர் கோவையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

“மிஸ், எனக்கு ஒரு பிரச்சினை இருக்கு. உங்கட நகரம் இதைத் தந்திருக்கு. மலை மட்டும் இல்லை, சுத்தி இருக்கிற இடமும் காடாகவே இருக்கவேணும் எண்டு. எல்லாரும் சேர்ந்து கேட்டிருக்கினம். இதை வைச்சுக்கொண்டு நான் இந்த இடத்தை எப்படி விடுறது?”

கடிதத்தின் அடியில் என் தமிழ், மேலே அதன் சிங்களம். கொழும்பில் யாரோ அந்த வரிக்குக் கீழே சிவப்புக் கோடு இழுத்திருந்தார்கள். என் எழுத்தை ஒருவர் கடைசிவரை வாசித்ததற்கு நான் கண்ட முதல் அடையாளம் அது.

“அது சும்மா எழுதினது, ஐயா” என்றேன். வேறு என்ன சொல்வது?

“சும்மாவா?” என்றார் அவர். நக்கல் இல்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டார். “நகரசபை சும்மா எழுதுமா?”

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அதையும் விட மேல், அக்காவின் கிணற்றை என் வாயால் கெடுத்தவள். அக்கா தேசிக்காய்த் தண்ணியோடு வந்தார். அதிகாரி கோவையை மூடினார். “என்னவாம்?” என்று கண்ணால் கேட்ட அக்காவிடம், “யோசிச்சுச் சொல்லுறாராம்” என்றேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

மறுநாள் காலை தவிசாளரின் அறைக்குள் போய் நின்றேன். தீர்மானத்தில் ஒரு திருத்தம் வேண்டும், சார்ந்த இடம் என்பதை எடுக்க வேண்டும் என்றேன். காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“தங்கச்சி, நீங்கள் எழுதினதுதான் சரியாப் போச்சு. மலையில கல்லுடைக்கிறதெண்டா லொறி ஏற வழி வேணும். மற்ற மூண்டு பக்கமும் பாறை. உங்கட அக்காட பக்கம் மட்டும்தான் சமதரை. அந்த வரியால்தான் இப்ப வழி எடுக்க ஏலாமக் கிடக்கு.”

“அக்கா செத்தாலும் விக்கமாட்டா.”

“அவ விக்கமாட்டா, ஓம். பக்கத்து வளவுக்காரர்? காசைக் கண்டா எல்லாரும் உங்கட அக்கா மாதிரி நிப்பினமா?”

விளங்காமப் பேய்க்கதை கதைக்காதேங்கோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் சொன்னது சரி போலவும் இருந்தது. சரி இல்லை போலவும் இருந்தது. ஒரு கிழவியின் கிணற்றைப் பறித்துத்தான் மலையைக் காக்க வேண்டுமா? பறிக்காமல் காக்க ஒரு வழி இருக்காதா? இருந்தால் அது எந்தச் சொல்லில் இருக்கிறது? எனக்குத் தெரிந்த வேலை சொற்களை அடுக்குவது மட்டும்தான். யார் மீது கோபப்படுவது என்று தெரியாமல் கோபத்தோடு வெளியே வந்தேன். அடுத்த மேசைக்காரியைக் காரணம் இல்லாமல் ஏசினேன். அவள் அழுதாள். அந்தப் பாவமும் என் கணக்கில்.

திருத்தத்தை எழுதினேன். கல்லுக்கு அப்பால் முன்பு குடியிருந்தோரின் மரங்களும் கிணறுகளும் நீங்கலாக என்று ஒரு வரி. எழுதி மேசை லாச்சிக்குள் வைத்தேன். அடுத்த கூட்டத்தன்று எடுத்தேன், திரும்ப வைத்தேன். தவிசாளர் மறுத்ததற்காக மட்டும் என்றில்லை. பஸ்ஸில் வரும்போது யன்னலால் அந்தக் கூனலைப் பார்த்திருந்தேன், அதனாலும்தான். கடலில் இருந்து அதைத் தேடுகிறவர்களை நினைத்தேன். பிறகு அக்காவை நினைத்தேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றேன். கூட்டம் முடிந்துவிட்டது. அடுத்த மாதமும் அப்படித்தான். நான் ஒன்றையும் முடிவு செய்யவில்லை, ஆனால் முடிவு நடந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு ஞாயிறும் அக்காவிடம் போனேன். ஒவ்வொரு ஞாயிறும் இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று போனேன். அவர் தேசிக்காய்ப் பை கட்டித் தருவார். நான் வாங்கிக்கொண்டு வருவேன்.

கல்லுடைக்கும் கதை அந்த வருட மழைக்காலத்தோடு ஓய்ந்தது. மலை இருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்தான், அதை மறைக்க முடியாது. அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு நீளமான கடித உறையை நீட்டினார். வன அலுவலகத்திலிருந்து வந்தது. “உனக்கெண்டு உடைக்காம வைச்சிருந்தனான். நீ வாசி” என்றார்.

வாசித்தேன். நகரத்தின் வேண்டுகோளையும் கருத்திற்கொண்டு மலையும் மலை சார்ந்த இடமும் தொடர்ந்தும் ஒதுக்குக்காடாகவே பேணப்படும். மனுதாரர் தற்போதுள்ள மரங்களின் காய்களை வருடாந்த அனுமதியுடன் பறிக்கலாம். எல்லைக்கல்லுக்கு அப்பால் வேலி போடவோ, தண்ணீர் அள்ளவோ கூடாது. கிணறு மூடப்படும்.

அக்கா, “முதல் வரியைத் திரும்ப வாசி” என்றார்.

வாசித்தேன்.

“நல்லாத்தான் இருக்கு. பள்ளிக்கூடத்தில படிச்ச மாதிரி. கந்தோர் உத்தியோகத்தர் இப்படி எழுதமாட்டினமே. ஆர் எழுதினது?”

இவ்வளவு நாளும் தேடிய சொல் ஒன்றும் அப்போது உதவவில்லை.

“நான்தான் அக்கா.”

அவர் என்னைப் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசினால் நானும் திருப்பி ஏசியிருப்பேன், இரண்டு பேரும் அழுதிருப்போம். அவர் எழுந்து போய் எல்லைக்கல்லில் காய்ந்த சீலையை எடுத்து மடித்துத் தோளில் போட்டார்.

“ஊருக்கெல்லாம் எழுதுறனீ. என்ர கிணத்துக்கும் ஒரு வரி எழுதியிருக்கலாம்தானே” என்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு கல்லைத் தாண்டிப் போனார்.

எழுதிய அந்த வரி என் லாச்சிக்குள் கிடந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.