குப்புறப் படுத்துச் செய்கிற பயிற்சி

அக்குறணையை விட்டு நான் நடக்கத் தொடங்கியபோது கடைகள் திறந்துகொண்டிருந்தன. பையை முதுகில் மாட்ட முடியாததால் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தேன். கண்டிக்குப் போகிற பஸ்கள் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் மெதுவாக வந்தன. கொண்டக்டர்கள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் ஏறவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் இடுப்பிலிருந்து கால்வரை ஏதோ இழுக்கும். நடக்கும்போது அப்படி இல்லை. மேலும், ஓர் இடத்தை விட்டுப் போவதென்றால் எனக்கு நடந்து போய்த்தான் பழக்கம். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுப் போனதும் நடந்துதான். பேக்கரி, லொறி, கல் உடைக்கிற இடம் என்று அதற்குப் பிறகு விட்டுவந்தவற்றுக்கு வரிசை இல்லை.

அக்குறணையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் நாட்டாமியாக இருந்தேன். லொறியில் வருகிற அரிசி, சீனி, மா மூட்டைகளைப் பிடரியில் ஏற்றி உள்ளே கொண்டுபோய் அடுக்குவது வேலை. ஒரு நாள் லொறித் தட்டில் குனிந்து மூட்டையை இழுத்தவன் நிமிரவில்லை. இரண்டு பேர் என்னை மூட்டையைப் போலவே தூக்கிக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். முதலாளி நல்ல மனிதர். போகச் சொல்லவில்லை. பருப்பை நிறுத்துப் பை கட்டுகிற வேலையில் என்னை உட்கார வைத்தார். முதுகு தேறியதும் மூட்டைக்குத் திரும்ப வேண்டும் என்று பேச்சு. தேறாவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த தொழில்கள் எல்லாமே இந்த முதுகை நம்பியவை.

அதனால்தான் பயிற்சி தேடத் தொடங்கினேன். கடைக்கு மேலே பலகைத் தட்டு ஒன்று உண்டு. நானும் இன்னொரு நாட்டாமியும் அங்கேதான் படுப்போம். காலையில் அவன் குளிக்கப் போனதும் போனில் பயிற்சி வீடியோ ஒன்றைப் போட்டுச் சுவரில் சாய்த்து வைப்பேன். முதலில் கிடைத்தவன் சட்டையில்லாத ஒரு வாலிபன். வீட்டிலிருந்தபடியே நெஞ்சை அகலமாக்கலாம் என்று கத்தினான். தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கச் சொன்னான். என் வாழ்க்கையில் தூக்கியது போதாதா என்று அடுத்தவருக்குப் போனேன். அவர் ஒரு யோகா மாஸ்டர். மெதுவாகப் பேசினார், பின்னால் குருவிச் சத்தம் வேறு. முழங்கால் மடங்காமல் குனிந்து பாதத்தைத் தொட்டால் முதுகின் இறுக்கமெல்லாம் போய்விடும் என்றார். மூன்றாவதாக ஒரு சிங்களப் பெண்மணி வந்தார். நன்றாகத்தான் சொன்னார், ஆனால் பாதியில் டேட்டா முடிந்தது.

நான் யோகா மாஸ்டரைப் பிடித்துக்கொண்டேன். குரல் பிடித்திருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை. தினமும் குனிந்தேன். கூட இருந்தவன் ஒரு நாள் சீக்கிரம் திரும்பி வந்து பார்த்துவிட்டான். படத்தில் நடிக்கப் போகிறீர்களா அண்ணே என்று கேட்டான். மூட்டை தூக்குகிறவனுக்குத் தனியாக எதற்குப் பயிற்சி என்பது அவனுடைய எண்ணம். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அந்த எண்ணம்தான். வேலை இல்லாதவர்கள் செய்வது அது.

குனியக் குனிய வலி தொடையைத் தாண்டிக் கெண்டைக்காலுக்கு இறங்கியது. இறுக்கம் கரைகிறபோது அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்து இன்னும் கொஞ்சம் குனிந்தேன். கடைசியில் பருப்புத் தராசுக்கு முன்னால் உட்காரவும் முடியாமல் போய்த்தான் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில் ஒரு பகல் போனது. டொக்டர் பயிற்சிப் பகுதிக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண். என்ன வேலை, எந்தப் பக்கம் மூட்டை, எப்படிக் குனிவது என்று கேட்டார். ஒரு தலையணையைக் கொடுத்துத் தூக்கிக் காட்டச் சொன்னார். போனில் வந்த யாரும் என்னை ஒன்றும் கேட்டதில்லை. அவர்களால் கேட்கவும் முடியாது.

காலையில் பாதத்தைத் தொடுகிற விஷயத்தைக் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன்.

"ஆர் உங்களுக்கு அதைச் சொன்னது?"

"போன்ல பாத்தேங்க, மிஸ்."

"நாள் முழுக்கக் குனிஞ்சு நிக்கிறனீங்கள். காலமையும் எழும்பிக் குனிஞ்சா அந்த முதுகு என்ன செய்யும், சொல்லுங்கோ."

அவர் குரலில் கோபமில்லை, களைப்புத்தான். எனக்கு முன்னாலும் பலர் போனைப் பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும். பிறகு என்னைக் குப்புறப் படுக்க வைத்தார். கைகளைத் தோளுக்கு நேரே ஊன்றி, இடுப்பைத் தரையிலேயே விட்டுவிட்டு, நெஞ்சை மட்டும் உயர்த்தச் சொன்னார். படுக்க இடமில்லாத நேரத்தில் நின்றபடி இடுப்பில் கை வைத்துப் பின்னால் சாயலாம். எதையாவது தூக்குவதென்றால் முழங்காலை மடக்க வேண்டும், சுமையை வயிற்றோடு ஒட்ட வேண்டும், திரும்புவதைப் பாதத்தால் செய்ய வேண்டும். வலி காலுக்குப் போனால் உடனே நிறுத்த வேண்டும். இடுப்போடு நின்றால் நல்லது. போனில் பார்ப்பதென்றால், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்கிற ஆளைப் பார்க்கும்படி கடைசியில் சொன்னார். அதுவரை நான் பார்த்தவர்களில் ஒருவரும் அதைச் சொன்னதாக ஞாபகமில்லை.

பலகைத் தட்டில் சாக்கை விரித்து அதைச் செய்து வந்தேன். வலி காலிலிருந்து மேலே ஏறத் தொடங்கியது. தேறிவிடுவேன் போலிருந்தது.

அந்தப் பயிற்சிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஏணியில் ஏறி வருகிறவனுக்கு அது தண்டால் போலவே தெரியும். கூட இருந்தவன் பார்த்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. நான் பருப்புக் கட்டிய நாளெல்லாம் என் பங்கு மூட்டையும் அவன் பிடரியில்தான் ஏறியது. பத்து மணித் தேத்தண்ணீருக்குக் கூடியபோது, அண்ணன் மேலே தண்டால் எடுக்கிறார் என்று எல்லோருக்கும் சொன்னான். சிரித்தார்கள். அடுத்த கடை வரை சிரித்தார்கள். பகல் சாப்பாட்டுக்கு முன் முதலாளி கூப்பிட்டார்.

"தம்பி, தண்டால் எடுக்க முதுகு ஈக்கி. மூட்ட எடுக்க மட்டும் இல்லயா?"

"அது தண்டால் இல்லீங்க முதலாளி. ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுத்தது."

"அப்ப செஞ்சு காட்டுங்க."

கடை நடுவில், சீனி மூட்டைகளுக்குப் பக்கத்தில், வெறுஞ்சாக்கு ஒன்றை விரித்துக் குப்புறப் படுத்தேன். சாமான் வாங்க வந்தவர்களும் நின்றார்கள். நெஞ்சை உயர்த்தினேன், இறக்கினேன், உயர்த்தினேன். நன்றாகத்தான் செய்தேன், ஆஸ்பத்திரிப் பெண் பார்த்திருந்தால் சரி என்றிருப்பார். அதுதான் கெடுத்தது. இடுப்பு தரையில் இருக்கிறதா இல்லையா என்று அங்கே யாரும் பார்க்கவில்லை. கைகள் மடங்கி நிமிர்ந்ததைத்தான் பார்த்தார்கள். எழுந்தபோது யாரும் சிரிக்கவில்லை. பொய்க்காரனைப் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும்.

முதலாளி தாடியைத் தடவிக்கொண்டார். "ஆஸ்பத்திரியில சொன்னதச் செய்ங்க, நான் வேணாங்கல்ல. ஆனா நாளைக்கு லொறி வருது" என்றார்.

அவ்வளவுதான். லொறி வருவதற்கு முன் நான் புறப்பட்டேன். ஒரு மூட்டை எடுத்துப் பார்த்திருக்கலாம். முதுகு ஒரு மூட்டைக்குத் தாங்கியும் இருக்கலாம். இரண்டாவது மூட்டையை நினைத்துத்தான் வந்துவிட்டேன்.

அம்பதென்ன ஊரைத் தாண்டி, கட்டுகஸ்தோட்டையில் மகாவலிப் பாலத்தில் நின்று பின்னால் சாய்ந்தேன். பஸ்ஸிலிருந்த சிலர் எட்டிப் பார்த்தார்கள், வானத்தில் எதையோ பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். கண்டி மார்க்கட்டில் தெரிந்த ஒரு நாட்டாமியைத் தேடிப் போனேன். மரக்கறி மூட்டைக்கு ஆள் வேண்டும், காலையில் வா என்றான். பார்க்கலாம் என்றேன். கரட் மூட்டைகள் கிடந்தன. அவற்றைப் பார்த்ததற்கே கால் இழுத்தது.

பின்னேரம் கண்டிக் குளத்தைச் சுற்றிப் போய் ஓரிடத்தில் நின்றேன். அந்த நேரத்தில் சப்பாத்து மாட்டிய ஆட்கள் கையை வீசிக்கொண்டு குளத்தைச் சுற்றுவார்கள். சிலர் மரத்தைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டுவார்கள். பையைக் காலிடுக்கில் வைத்து, இடுப்பில் கையை ஊன்றிச் சாய்ந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே அது எல்லோரும் செய்கிற காரியம். வெறும் செருப்போடு செய்தது நான் ஒருவன்தான்.

வயதான ஒரு அம்மா என்னைக் கடந்து போனார். அடுத்த சுற்றில் நின்றார். கண்டித் தமிழர், படிப்பித்து ஓய்வு பெற்றவர் என்று பேச்சில் தெரிந்தது. கிளினிக்கில் சொல்லிக் கொடுத்ததா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்ன நடந்தது என்றார். சொன்னேன். அன்றைக்கு என்னிடம் அதைக் கேட்டது அவர் ஒருவர்தான் என்பதால் தண்டால் கதையையும் சேர்த்துச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. அவருடைய கணவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டதாம். அம்பிட்டியவில் வீடு. காலை மாலை தூக்கி உட்கார வைத்து, ஆஸ்பத்திரியில் சொன்ன பயிற்சிகளைச் செய்விக்க ஆள் வேண்டும். முன்னால் இருந்தவர் கையைப் பிடித்து இழுத்துத் தோளைக் கழற்றிவிட்டுப் போய்விட்டார்.

"தம்பி தூக்குவீங்களா?"

அந்தக் கேள்விக்கு அதுவரை எந்த இடத்திலும் முடியாது என்று நான் சொன்னதில்லை.

"முதுகு இன்னும் சரியில்லீங்க, டீச்சர். எப்படித் தூக்கணும்னு தெரியும்."

அவர் தன் முதுகைத் தொட்டுக் காட்டினார். "எனக்கும் சரியில்ல" என்றார். "அடையாள அட்டையோட காலையில வாங்க. தூக்கிப் பார்ப்போம். முடியலன்னா சொல்லிடுங்க, மறைக்காதீங்க."

மறுநாள் காலையில் அம்பிட்டிய ஏற்றத்தை மெதுவாக ஏறினேன். மார்க்கட் நாட்டாமி அந்நேரம் என்னை எதிர்பார்த்திருப்பான், அல்லது மறந்திருப்பான். ஐயா கட்டிலில் கிடந்தார். பெரிய உடம்பு. நான் யாரென்று டீச்சர் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். வார்த்தைகள் கோணலாக, ஒவ்வொன்றாக வந்தன.

"நான்... எத்தன... மூட்ட?"

"ஒன்னரை இருப்பீங்க, ஐயா."

வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, அவரை என் வயிற்றோடு சேர்த்து அணைத்தேன். நல்ல கை என் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. எழுந்தேன். அவரும் எழுந்தார். காலுக்கு ஏதாவது இறங்குகிறதா என்று பார்த்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். வலி இடுப்போடு நின்றது. பாதத்தால் திரும்பினேன். அவரை உட்கார வைக்க டீச்சர் கதிரையைப் பக்கத்தில் தள்ளினார்.