ஏழுமலை அண்ணனின் எழுபது சென்ட்

ஏழுமலை அண்ணன் இறந்துவிட்டார். நேற்று மதியம், அவருடைய வயலில். நெஞ்சு வலிக்கிறது என்று வரப்பில் உட்கார்ந்தவர்தானாம்...

அசோக் நகரில் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன். சரியாகச் சொன்னால் பாதி வாட்ச்மேன். மீதிப் பாதி அவர் மனைவி செல்வி அக்கா.

ஒரு வாரம் இவர் கேட்டில், அக்கா ஊரில். அடுத்த வாரம் அப்படியே மாற்றி. மதுராந்தகம் பக்கம் அவர்களுக்கு எழுபது சென்ட் நிலம். ஒரு போகம்கூட அதைத் தரிசு போடக் கூடாது என்று பதினோரு வருஷமாக இந்த ஷிஃப்ட்.

ஞாயிறு காலை டூட்டி மாற்றும் அரை மணி நேரம்தான் இருவரும் சேர்ந்து இருப்பது. கேட் ஓரமாக நின்று டீ குடிப்பார்கள். பேச்செல்லாம் தண்ணீர், களை, எலி.

நிலத்தைச் சுற்றி எல்லாம் பிளாட் ஆகிவிட்டது. வண்டிப் பாதையை மறித்து மனைக்காரர்கள் சுவர் எழுப்பிவிட்டார்கள்.

நானும் பெரிய மேதாவி மாதிரி ஒருநாள் சொன்னேன், "பேசாம அவங்களுக்கே வித்துடுங்களேன் அண்ணா."

"வித்துட்டா அவன் செவுரு கட்னது கரெக்ட்டுனு ஆயிடும் சார். பயிர் கீற வரைக்கும்தான் வழி வுடுனு கேக்க முடியும்."

அதற்கப்புறம் நான் அவருக்கு யோசனை சொல்லவில்லை. வழி கேட்டு தாலுகா ஆபீஸுக்கு மனு மட்டும் எழுதிக் கொடுத்தேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

டிராக்டர் போக வழியில்லை. அதனால் மினி டில்லர் என்ற சின்ன உழவு மெஷினை வாடகைக்கு எடுத்து, ரோட்டோரம் வைத்துக் கழற்றி, பாகம் பாகமாக வாய்க்கால் கரையில் தூக்கிப்போய், வயலில் மறுபடி மாட்டுவார்கள். அந்த ஸ்பேனர் வேலையை அண்ணன் கற்றது எங்கள் கேட்டுக்குப் பக்கத்து பைக் மெக்கானிக் கடையில், வேடிக்கை பார்த்தே.

ஒருமுறை எல்லாம் மாட்டிவிட்டு டூட்டிக்கு வந்தவர், சட்டைப் பையில் கை விட்டு அப்படியே நின்றுவிட்டார். ஒரு போல்ட். அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்த அக்கா அங்கே நகராத டில்லரோடு நிற்கிறார்.

"நான்தான் சார் பாக்கெட்ல போட்டேன்... இன்னா பண்றது இப்போ?"

என் மாமனாரை கேட்டில் உட்கார வைத்துவிட்டு பைக்கில் அவரை ஏற்றிக்கொண்டு போனேன்.

உழுது முடித்து டில்லரைத் திருப்பித் தூக்கும்போது நானும் ஒரு சக்கரத்தை எடுத்தேன். ஜிம்முக்குப் போகிறவன் என்ற தைரியம். நூறு அடி தாண்டவில்லை, கீழே வைத்துவிட்டேன். அக்கா அதையும் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். முன்னால் அண்ணனும் அவர் தம்பியும் மூங்கிலில் இன்ஜினைத் தொங்கவிட்டுத் தூக்கிக்கொண்டு... ஒரு கிலோமீட்டர். ஒவ்வொரு போகத்துக்கும் இரண்டு தடவை இது. நான் வெறுங்கையோடு பின்னால் நடந்தேன்.

இன்று சாயங்காலம் அக்காவுக்கு போன் செய்தேன். அவர்தான் பேசினார்.

"நேத்து அவரு பறிச்சு வச்ச நாத்து சார். இன்னிக்கி நடலனா வீணாயிடும். அவர சுடுகாட்டுல வுட்டுட்டு வந்து குளிச்சிட்டு, எல்லாரும் வயல்ல எறங்கிட்டோம். தீட்டுன்னாங்க... நாத்துக்கு இன்னா தெரியும்?"

நடவு முடிந்துவிட்டதாம் அண்ணா. போய் வாருங்கள்.