மில்லுக்குப் புரோட்டா

அறுபத்தைந்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, தென்காசி மரமில் முதலாளி வேலையாட்களுக்கு மத்தியானம் புரோட்டா வாங்கிப் போடத் தீர்மானித்தார். எந்தக் கடை தோது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு அய்யாக்குட்டியிடம் வந்தது. மில்லில் தடி அளந்து, விறகு எடை போடுகிறவர் அவர். இருபது வருஷமாக அவர் சொன்ன எடையை யாரும் மறுநிறுவை பார்த்ததில்லை. மனைவி பாலம்மாள் இறந்து அப்போது இரண்டு மாதம்.

கடைகள் மூன்று. பஸ் ஸ்டாண்டில் பாலம்மாளின் தம்பி மந்திரமூர்த்தி கடை, இலஞ்சியில் ஹாஜரா பீவி கடை, குற்றாலத்தில் சீசன் கூட்டத்தை நம்பி நடக்கும் ஒரு கடை. தானே போனால் மச்சினன் தனியாகக் கவனித்துப் போட்டுவிடுவான் என்று, சுமை தூக்கும் வேல்சாமியைச் சைக்கிளில் அனுப்பினார். கடைக்கு ஒரு ரூபாய்க்கு வாங்க வேண்டும். யாருக்கென்று சொல்லக் கூடாது.

சால்னாவைத் தனியே வைத்துவிட்டு, ஆணி நிறுக்கும் தராசில் புரோட்டாவை நிறுத்தார். குற்றாலத்துக் கடையில் எடை ரொம்பக் குறைவு. மந்திரமூர்த்தி கடையில் எண்ணிக்கை அதிகம், ஆனால் எல்லாம் மெலிசு. எடை நின்றது ஹாஜரா பீவி கடைக்குத்தான்.

பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார். மூன்றும் ஒன்றுபோல் இருந்தன. இரண்டு மாதமாகச் சோறும் அப்படித்தான் இருந்தது. தன் நாக்கை நம்பிப் பயனில்லை என்று, மரத்தூள் கூட்டும் பிச்சம்மாளைக் கூப்பிட்டு, கடைப் பெயர் சொல்லாமல் மூன்று இலைகளைச் சால்னாவோடு வைத்தார்.

"இது தோல் வாரு மாதிரில்லா இழுக்குது," என்று முதல் இலையைத் தள்ளினாள். அது மந்திரமூர்த்தி கடை. "இதுல காரம் மட்டுந்தான் இருக்கு." மூன்றாவதை முழுக்கத் தின்றாள். "இதையே வாங்குங்க அண்ணாச்சி. ஆறியும் மெதுவா இருக்கு."

அது இலஞ்சிக் கடை. முதலாளியிடம் சொன்னார்.

"உம்ம மச்சினன் வருத்தப்படுவான் வேய். யோசிச்சுக்கிடும்."

"யோசிக்க ஒண்ணுமில்ல முதலாளி."

சாயங்காலம் மந்திரமூர்த்தி மில் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா இருந்தா இப்படிச் செஞ்சிருப்பியளா அத்தான்?"

அய்யாக்குட்டி யோசித்துப் பார்த்தார். "அவ இருந்தாலும் எடை அதுதானப்பா," என்றார்.

மந்திரமூர்த்திக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்தபடி, தனக்கும் ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றும் வரவில்லை. உள்ளே போய் மிச்சமிருந்த மரத்தடிகளை அளந்தார். அடுத்த திங்கட்கிழமை முதல் இலஞ்சியிலிருந்து புரோட்டா வந்தது. ஆட்கள் திருப்தியாகச் சாப்பிட்டார்கள்.

மந்திரமூர்த்தி அதற்கப்புறம் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பாலம்மாளின் முதல் வருஷத் திவசத்துக்கும் வரவில்லை. தம்பிக்காரன் எங்கே என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள்.

"கடையில வேலை இருக்கும்," என்று சொல்லிவிட்டு, அய்யாக்குட்டி பந்தியில் உட்கார்ந்து, இலையில் விழுந்ததைச் சாப்பிட்டு எழுந்தார்.