ஃபால்ஸ் அடிக்கும் அக்கா வீட்டுத் தண்ணீர்

அரியலூர் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் ஐந்து வருடம் சேலைப் பிரிவில் நின்றேன். நின்றேன் என்றால் நின்றேன்தான். மெத்தையில் உட்காருவது வாங்க வந்தவர்களுக்கு மட்டும். கால்வலியையாவது எண்ணெய் தேய்த்துச் சமாளித்துவிடலாம். எங்களைக் கொன்றது கழிவறை. அது மொட்டை மாடியில், அதன் சாவி சூப்பர்வைசர் சட்டைப்பையில். கேட்டால் கொடுப்பார், ஆனால் இப்போதுதானே போனாய் என்று கடைக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுக் கொடுப்பார். அதற்குக் கூசியே நாங்கள் ஆறு பெண்களும் தண்ணீர் குடிப்பதை விட்டோம். எங்கள் ஊர் செந்துறையில் பஸ் ஏறினால் வீடு திரும்பும்வரை எனக்கு ஒரு மடக்குத் தண்ணீர்தான்.

மூன்றாவது தடவையாகக் குளிர்காய்ச்சலும் அடிவயிற்று எரிச்சலும் வந்தபோது டாக்டரம்மா திட்டினார். இன்னும் அடக்கினால் கிட்னி கெட்டுவிடும், ஒன்று தண்ணீர் குடி, இல்லை வேலையை விடு என்றார். விடுவதாம்! வீட்டுக்காரர் முதுகு ஒடிந்து படுத்திருந்தார். என் சம்பளத்தில்தான் உலை கொதித்தது.

என்னைக் காப்பாற்றியவர் எங்கள் கடைச் சேலைகளின் கீழ்க்கரையில் பட்டைத்துணி வைத்து ஃபால்ஸ் அடித்துத் தரும் அக்கா. கடைக்குப் பின் சந்தில் அவர் வீடு. விற்ற சேலையை எங்களில் ஒருத்தி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். மருந்து சாப்பிட ஆரம்பித்த அன்று, அவசரம் தாங்காமல் கைக்கு வந்த சேலையைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். அக்கா மடிப்பை விரித்துப் பார்த்தார். முந்தின நாளே அவர் ஃபால்ஸ் அடித்துக் கொடுத்த சேலை அது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவர் கொல்லைப் பக்கமிருந்த கழிவறையைக் கைகாட்டினார். திரும்பி வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார்.

"குடி. இனிமே சேலை இல்லன்னாலும் வந்துட்டுப் போ. மத்த புள்ளைங்களையும் வரச் சொல்லு."

மறுநாள் கடைக்கே வந்தார். நூல் கலர் பொருந்துகிறதா என்று பார்க்கக் கடையாள் பக்கத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தப்புக்குத் தான் பொறுப்பில்லை என்று சூப்பர்வைசரிடம் கறாராகச் சொன்னார். அத்தனை வருடம் தைத்தவருக்கு நூல் கலர் தெரியாதாம். சூப்பர்வைசரும் நம்பிவிட்டார். அன்றிலிருந்து நாங்கள் முறைவைத்துப் போனோம், வயிறு நிறையத் தண்ணீரும் குடித்தோம்.

சித்திரை முடிவதற்குள் கிருமி இல்லை என்று டெஸ்டில் வந்துவிட்டது. அந்தச் சீட்டைக் காட்ட லீவு நாளில் அக்காவைத் தேடிப் போனேன். அவர் தெருமுனைக் குழாயடி வரிசையில் இரண்டு குடத்தோடு நின்றார். அவர் வீட்டுக் குழாயில் அந்தக் கோடை தொடங்கியதிலிருந்தே தண்ணீர் வரவில்லை என்று பக்கத்தில் நின்ற அம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஆறு பேரும் வாளி வாளியாக ஊற்றிவிட்டு வந்ததெல்லாம் அவர் இடுப்பில் சுமந்த தண்ணீர். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லதாப் போச்சு. அதுக்காகத் தண்ணி குடிக்கிறதக் குறைச்சுடாத."